எலும்பைப் பார், பிறகு செட்டைச் சொல்: இடுப்பு முறிவில் நெயிலா, பிளேட்டா, சிமென்டா என்று முடிவெடுக்கும் வரிசை

ஆனி, ஆடிச் சாரலில் முற்றத்தில் பாசி பிடித்துவிட்டால் குமரி மாவட்டத்து ஆர்த்தோ வார்டுகளில் கட்டில் கிடைக்காது. குலசேகரத்திலிருந்தும் கருங்கலிலிருந்தும் குளச்சலிலிருந்தும் எழுபது தாண்டிய ஆச்சிமார் வந்துகொண்டே இருப்பார்கள். சறுக்கி விழுந்தது, கால் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது, எழுந்திருக்க முடியவில்லை. எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கதைதான்.

ராத்திரி பத்து மணிக்கு அட்மிஷன் என்றால், பத்தரைக்குள் புதிய பிஜி (மேற்படிப்பு) டாக்டர் சப்ளையருக்குப் போன் போட்டு, "காலைல பிஎஃப்என் செட் ஒண்ணு அனுப்பிடுங்க" என்று சொல்லி முடித்திருப்பார். பிஎஃப்என் என்பது தொடை எலும்பின் உள்குழாயில் இறக்கும் கம்பி; இந்த வகையைத்தான் நெயில் என்கிறோம். எக்ஸ்ரேயின் மேல் ஸ்கேல் ஒரு தடவைகூட வைக்கப்பட்டிருக்காது. முதலில் இம்ப்ளான்ட் (எலும்பில் வைக்கும் உலோகம்), பிறகு எலும்பு என்று வரிசை தலைகீழாகிவிடுகிறது. மறுநாள் மேசையில் நடக்கும் தடுமாற்றங்களில் பாதி இங்கேதான் தொடங்குகின்றன.

ஆர்த்தோவுக்குப் புதிதாக வந்த டாக்டர்களையும் தியேட்டர் டெக்னீஷியன்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நோயாளியின் வீட்டார் படித்தால், டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். எந்தக் கம்பி என்று இதை வைத்து அவர்கள் முடிவு செய்யக்கூடாது.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு இடுப்பும் தெரியும் படம். முறிந்த பக்கம் மட்டும் எடுத்த படம் போதாது. முறிந்த கால் வெளியே திரும்பிக் கிடப்பதால் அந்தப் பக்கத்து அளவுகள் பொய் சொல்லும். நல்ல காலை 15 டிகிரி உள்நோக்கித் திருப்பி வைத்து எடுத்தால்தான் தொடை எலும்புக் கழுத்தின் (நெக்) முழு நீளமும் கேனலின் (எலும்பின் உள்குழாய்) உண்மையான அகலமும் தெரியும். நாம் அளக்கப் போவது நல்ல பக்கத்தை.

அளவுக்கு ஒரு நாணயம். அளவுக் குண்டு (அளவு தெரிந்த உலோக உருண்டை) இல்லாத இடத்தில் பத்து ரூபாய் நாணயம் போதும். அதன் விட்டம் 27 மி.மீ.; படத்தில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதை வைத்து மற்ற அளவுகளைச் சரிசெய்யலாம். அதைத் தொடையின் வெளிப்பக்கம், எலும்பு இருக்கும் உயரத்தில், பிளாஸ்டரால் ஒட்டி வைக்க வேண்டும். மேசை மேல் வைத்தால் எலும்பை விடக் குறைவாகவே பெரிதாகித் தெரியும், கணக்கு தப்பும். சாய்ந்து முட்டை வடிவில் தெரிந்தால் நீளமான விட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுத் தொடை எலும்பு, முன்பின்னும் பக்கவாட்டும். முட்டுக்கு மேலே பழைய பிளேட் இருக்கிறதா, எலும்பு முன்பக்கம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதெல்லாம் இதில்தான் தெரியும். இந்தப் படத்தைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள்.

மாத்திரைக் கவர்கள். "என்ன மருந்து சாப்பிடுறீங்க" என்று கேட்டால் "பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ஒண்ணு" என்றுதான் பதில் வரும். வீட்டிலிருந்து பையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ வருடக்கணக்கில் தின்ற ஸ்டீராய்டு, வலிப்புக்கான ஃபெனிடாயின், புராஸ்டேட்டுக்கான ஹார்மோன் ஊசி, எலும்புக்கென்று வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் எல்லாம் அந்தப் பையில் இருந்துதான் வெளியே வரும். பெயர் எழுதாத பொடிப் பொட்டலம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ரத்தப் பரிசோதனை. வழக்கமானவற்றோடு கால்சியம், பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ், கிரியேட்டினின், வைட்டமின் டி. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

கடைசியாக, விழுவதற்கு முந்தின நாள் அவர் எவ்வளவு நடந்தார் என்பது. கோயிலுக்குத் தனியாக நடந்து போனவருக்கும், கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு மட்டும் பிடித்துக்கொண்டு போனவருக்கும் எக்ஸ்ரே ஒன்றாக இருந்தாலும் முடிவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

## 2. முதல் கேள்வி: இது வெறும் எலும்புப்புரைதானா?

மெலிந்த எலும்பெல்லாம் எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) அல்ல. இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள், ஏனென்றால் பதில் மாறினால் இம்ப்ளான்டும் மாறும்.

கால்சியமும் பாஸ்பேட்டும் குறைந்து, ஆல்கலைன் பாஸ்ஃபடேஸ் ஏறியிருந்தால் ஆஸ்டியோமலேசியாவை நினைக்க வேண்டும். அங்கே எலும்பு குறைவாக இருப்பதைவிட மென்மையாக இருப்பதுதான் சிக்கல். மருந்தால் தேறக்கூடிய எலும்பு அது. வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி எப்படிக் குறையும் என்று கேட்காமல் பரிசோதித்துப் பாருங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் முதியவருக்கு வெளியே எவ்வளவு வெயில் அடித்து என்ன பயன்?

எலும்பில் ஓட்டை ஓட்டையாகக் கரைந்திருந்தால், கூடவே இரத்தசோகையும் உயர்ந்த ஈஎஸ்ஆரும் இருந்தால், மைலோமாவா (மஜ்ஜைப் புற்று), வேறிடத்துப் புற்று பரவியதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் முழு எலும்பையும் தாங்கும் நீண்ட இம்ப்ளான்ட்தான், எடுத்த திசுவைப் பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும். சின்ன நெயில் போட்டுவிட்டு, ஆறு மாதத்தில் அதன் நுனிக்குக் கீழே இன்னொரு கட்டி தெரிந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மூன்றாவது வகை புதியவர்களை அதிகம் ஏமாற்றும். பிஸ்ஃபாஸ்ஃபோனேட் (அலெண்ட்ரோனேட் போன்ற எலும்பு மருந்து) பல வருடம் சாப்பிட்டவருக்கு ட்ரோகான்டருக்கு (தொடை எலும்பின் மேல்பகுதியில் உள்ள முண்டு) கீழே குறுக்குவாட்டில், கிட்டத்தட்ட அறுத்த மாதிரி வரும் முறிவு. வெளிப்பக்கக் கார்ட்டெக்ஸ் (எலும்பின் கெட்டியான மேலோடு) அங்கே மட்டும் தடித்து, அலகு போல நீட்டிக்கொண்டிருக்கும். விழுவதற்கு முன்பே தொடையில் வலி இருந்திருக்கும். இதற்கு நீண்ட நெயில். மருந்தை நிறுத்த வேண்டும். மறுதொடையையும் அன்றே படம் எடுக்க வேண்டும், அங்கேயும் விரிசல் தொடங்கியிருக்கலாம்.

## 3. டெக்ஸாவுக்காக நிற்காதீர்கள்; எக்ஸ்ரேயிலேயே அளங்கள்

"டெக்ஸா எடுத்துட்டு முடிவு பண்ணலாமா சார்?" என்று கேட்கிறார்கள். டெக்ஸா என்பது எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன். முறிந்த இடுப்பை ஸ்கேன் செய்ய முடியாது, வலியோடு இருப்பவரை மேசையில் சரியாகப் படுக்கவைப்பதும் பெரும்பாடு. 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை முடிவதுதான் நோயாளிக்கு நல்லது. ஒரு நாளை ஸ்கேனுக்கு வீணாக்குவதைவிட, கையில் இருக்கும் படத்தில் மூன்று அளவு எடுங்கள்.

கார்ட்டெக்ஸ் தடிமன் குறியீடு. லெஸ்ஸர் ட்ரோகான்டரின் (உட்பக்கத்துச் சிறிய முண்டு) நடுவிலிருந்து 10 செ.மீ. கீழே ஒரு குறுக்குக் கோடு போடுங்கள். எலும்பின் வெளி அகலத்தையும் உள்ளே கேனலின் அகலத்தையும் அளங்கள். வெளியிலிருந்து உள்ளைக் கழித்து, வெளி அகலத்தால் வகுங்கள். வெளி 28 மி.மீ., உள் 18 மி.மீ. என்றால் 10-ஐ 28-ஆல் வகுக்க 0.36 வரும். முன்பின் படத்தில் 0.4-ம் அதற்குக் கீழும் என்றால் எலும்புப்புரை என்று எடுத்துக்கொண்டே திட்டமிடுவேன். இது விகிதம் என்பதால் படம் பெரிதாகித் தெரிந்தாலும் பாதிக்காது. 10 செ.மீ. புள்ளியைக் கண்டுபிடிக்க மட்டும் நாணயம் வேண்டும்.

டார் வகை. அதே 10 செ.மீ. இடத்துக் கேனல் அகலத்தை, லெஸ்ஸர் ட்ரோகான்டரின் நடுவில் இருக்கும் கேனல் அகலத்தால் வகுங்கள். 0.5-க்குக் கீழே என்றால் ஏ வகை: மேலே அகலம், கீழே ஒடுக்கம், புனல் மாதிரி. 0.5 முதல் 0.75 வரை பி. 0.75-க்கு மேல் சி: மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம், அடுப்பூதும் குழல் மாதிரி. எங்கள் ஊர் ஆச்சிமாரில் சி வகையைப் பார்க்காத வாரமே இல்லை.

சிங் குறியீடு. ஹெட்டிலும் (மூட்டுக்குள் இருக்கும் பந்து) நெக்கிலும் ஓடும் எலும்புக் கோடுகள் எத்தனை மிச்சம் என்று பார்த்து ஒன்று முதல் ஆறு வரை தரம் போடுவது. மூன்றும் அதற்குக் கீழும் என்றால் எலும்புப்புரை உறுதி. சிக்கல் என்னவென்றால், ஒரே படத்துக்கு நீங்கள் மூன்று என்பீர்கள், நான் நான்கு என்பேன். ஒரு பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் நம்பி முடிவு வேண்டாம்.

வேறு காரணத்துக்காக வயிற்று சிடி எடுத்திருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள். முதல் இடுப்பு முள்ளெலும்பின் நடுவில், கார்ட்டெக்ஸைத் தொடாமல் ஒரு வட்டம் போட்டால் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் (சிடியில் அடர்த்தி காட்டும் அளவு) வரும். 160-க்கு மேல் இருந்தால் எலும்புப்புரைக்கு வாய்ப்பு குறைவு, 110-க்குக் கீழே இருந்தால் மிக அதிகம். மருந்து ஏற்றி எடுத்த சிடி என்றால் எண் கூடுதலாகக் காட்டும் என்பதை மறக்காதீர்கள்.

இந்த எண்களை கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். "எலும்பு வீக்கா இருக்கு" என்று எழுதினால் மறுநாள் காலை ரவுண்ட்ஸில் அது யாருக்கும் எதையும் சொல்லாது.

## 4. டெக்ஸா ரிப்போர்ட் ஏற்கெனவே இருந்தால்

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்படி டி-ஸ்கோர் (இளம் வயது எலும்போடு ஒப்பிட்ட அடர்த்தி எண்) மைனஸ் 1-ம் அதற்கு மேலும் இயல்பு. மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. இடையில் இருப்பது ஆஸ்டியோபீனியா. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் ஐம்பதுக்குக் கீழான ஆண்களுக்கும் இசட்-ஸ்கோரை (ஒத்த வயதினரோடு ஒப்பிட்ட எண்) பார்க்க வேண்டும்.

இங்கே வழக்கமான தவறு, முதுகெலும்பு எண்ணை நம்புவது. எழுபது வயது முதுகில் ஆஸ்டியோஃபைட்டும் (எலும்பு முனைப்பு) நசுங்கிய முள்ளெலும்பும் இருக்கும், முன்னால் பெருந்தமனியில் சுண்ணாம்பு படிந்திருக்கும். எல்லாம் சேர்ந்து எண்ணை உயர்த்திக் காட்டும். முதுகு மைனஸ் 1.2, இடுப்பு மைனஸ் 2.9 என்று ரிப்போர்ட் வந்தால் இடுப்புதான் உண்மை.

இரண்டாவது தவறு, சர்க்கரை நோயாளியின் நல்ல எண்ணைக் கண்டு நிம்மதி அடைவது. இரண்டாம் வகைச் சர்க்கரையில் டி-ஸ்கோர் காட்டுவதைவிட எலும்பு எளிதாக முறியும். ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் அப்படியே.

டி-ஸ்கோர் இவ்வளவு என்றால் இந்த ஸ்க்ரூ என்று ஓர் அட்டவணை இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை. அந்த எண் நோயைச் சொல்லும். எந்த இடத்தில் எந்த இம்ப்ளான்ட் பிடிக்கும் என்பதை அந்த இடத்துக் கார்ட்டெக்ஸ்தான் சொல்லும்.

## 5. முதலில் முறிவின் வகை, பிறகு எலும்பின் தரம்

முறிவு எந்த இம்ப்ளான்ட் குடும்பம் என்று சொல்கிறது. எலும்பின் தரம் அந்தக் குடும்பத்தில் எது என்று சொல்கிறது. இரண்டையும் குழப்பினால் எல்லா ஆச்சிக்கும் ஒரே நெயில்தான் போகும்.

*நெக் முறிவு, விலகவில்லை:* மூன்று கேன்சலஸ் ஸ்க்ரூ, தலைகீழ் முக்கோணமாக. கீழ் ஸ்க்ரூ கால்காரை (நெக்கின் கீழ்ப்பக்கத்துக் கெட்டி எலும்பு) ஒட்டிப் போக வேண்டும், ஏனென்றால் புரை விழுந்த நெக்கில் நடுவில் ஒன்றும் இருக்காது, பிடி ஓரத்தில்தான். நுழையும் இடம் லெஸ்ஸர் ட்ரோகான்டர் மட்டத்துக்குக் கீழே போகக்கூடாது. போனால் அந்தத் துளையிலேயே தொடை முறியலாம். பக்கவாட்டுப் படத்தில் ஹெட் 20 டிகிரிக்கு மேல் பின்னால் சாய்ந்திருந்தால், முன்பின் படத்தில் விலகாத மாதிரி தெரிந்தாலும் அது விலகிய முறிவு என்றே முதியவர்களில் நடத்துங்கள்.

*நெக் முறிவு, விலகியது, வயது கூடியவர்:* ஹெட்டை மாற்றுவது. அடுத்த பகுதி முழுக்க இதற்குத்தான்.

*ட்ரோகான்டர் முறிவு, நிலையானது:* வெளிச்சுவர் தடிமன் 20.5 மி.மீ.-க்கு மேல் இருந்தால் டிஎச்எஸ் (சறுக்கும் ஸ்க்ரூவும் பக்கப் பிளேட்டும்) போதும். கிரேட்டர் ட்ரோகான்டரின் வெளிப்பக்கத்து முண்டிலிருந்து 3 செ.மீ. கீழே புள்ளி வைத்து, அங்கிருந்து 135 டிகிரியில் முறிவுக் கோடு வரை அளக்க வேண்டும். இது விகிதம் அல்ல, மில்லிமீட்டர். நாணயம் இல்லாமல் அளந்தால் 18 மி.மீ. சுவர் 21 ஆகத் தெரியும், மேசையில் சுவர் உடையும்.

*சுவர் மெல்லியது, உட்பக்கம் நொறுங்கியது:* நெயில்.

*கோடு தலைகீழாக ஓடுவது, ட்ரோகான்டருக்குக் கீழே இறங்குவது:* நீண்ட நெயில். இதற்கு டிஎச்எஸ் வேண்டவே வேண்டாம், தொடைத் தண்டு உள்நோக்கி நழுவிப் போகும்.

## 6. சிமென்ட் போடுவதா, வேண்டாமா

என் பயிற்சிக் காலத்தில் ஒரு ஆச்சிக்கு ஆஸ்டின் மூர் (ஹெட்டுக்குப் பதிலாக வைக்கும் உலோகப் பந்து; கேனலில் இறங்கும் அதன் தண்டுதான் ஸ்டெம்) போட்டேன், அதைப் பிடித்து வைக்கும் சிமென்ட் இல்லாமல். கேனல் அடுப்பூதும் குழல் மாதிரி இருந்தது. ராஸ்ப் (கேனலைச் செதுக்கும் அரம்) போட்டபோதே ஆடியது, அதை நான் கவனிக்க விரும்பவில்லை. இதயம் பலவீனம், சிமென்ட் வேண்டாம் என்று மயக்க மருந்து டாக்டர் சொன்னதே எனக்கு வசதியாகிவிட்டது. ஆறாவது வாரம் ஸ்டெம் கீழே இறங்கி, கால் குட்டையாகி, ஒவ்வோர் அடிக்கும் தொடை வலித்தது. "நடக்கத்தானே மக்ளே இத வெச்சிய" என்று கேட்டார். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

சிமென்ட் இல்லாத ஸ்டெம் எலும்பின் இறுக்கத்தில்தான் நிற்கும். சி வகைக் கேனலில் அந்த இறுக்கம் கிடைக்காது. கிடைக்கும்வரை பெரிய அளவை அடித்து இறக்கினால் கால்கார் பிளக்கும். அன்று பிளக்காவிட்டாலும், பிறகு ஒரு சின்ன விழுகையில் ஸ்டெம்மைச் சுற்றி முறியும் அபாயம் சிமென்ட் போட்டவரைவிட அதிகம். அதனால் முதியவரின் நெக் முறிவுக்குச் சிமென்ட்தான் என் தொடக்கப் புள்ளி. வேண்டாம் என்பதற்குத்தான் காரணம் எழுத வேண்டும்.

"சிமென்ட் போட்டா மேசையிலேயே ஆள் போயிடும்" என்ற பயம் பொய்யில்லை. அழுத்தத்தில் கொழுப்பும் மஜ்ஜையும் ரத்தத்தில் ஏறி, பிரஷரும் ஆக்ஸிஜனும் திடீரென்று விழலாம். இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல். அபாயத்தைக் குறைக்கும் வழி முன்தயாரிப்பு. அதன் வரிசை இது:

கேனலில் கிடக்கும் மஜ்ஜையை முதலில் கழுவி எடுங்கள். பல்ஸ் லாவேஜ் (விட்டு விட்டு நீரைப் பாய்ச்சும் கருவி) இல்லையென்றால் 50 மி.லி. சிரிஞ்சில் சலைன் எடுத்து, நீர் தெளிவாக வரும்வரை அடியுங்கள். உள்ளே போகும் கொழுப்பைக் குறைப்பது இந்தக் கழுவல்தான். பிறகு ஸ்டெம் நுனிக்கு ஒன்று, இரண்டு செ.மீ. கீழே இருக்கும்படி, சிமென்ட் ஓடாமலிருக்கத் தடுப்பான். பிறகு துணி திணித்து உலர்த்துங்கள்.

சிமென்ட் கலக்கும் முன்பே மயக்க மருந்து டாக்டரிடம் சத்தமாகச் சொல்லுங்கள். "சொன்னேனே" என்று முணுமுணுப்பது கணக்கில் வராது. அவர் பதில் சொல்லும்வரை கலக்க வேண்டாம். ஆக்ஸிஜன் கூட்டவும், பிரஷர் மருந்தைக் கையில் எடுக்கவும் அவருக்கு நேரம் வேண்டும். சிமென்ட் கன்னால் கீழிருந்து மேலாக நிரப்புங்கள். சி வகை அகலக் கேனலுக்கு 40 கிராம் பாக்கெட் ஒன்று பெரும்பாலும் போதாது, இரண்டாவது திறக்கத் தயாராக இருக்கட்டும்.

நம்மூருக்கென்று ஓர் எச்சரிக்கை. வெக்கையில் சிமென்ட் வேகமாக இறுகும். ஏசி மக்கர் செய்யும் சித்திரை நாளில், பெட்டியில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே நம்பி, ஸ்டெம் பாதி இறங்கியதும் திகைத்து நின்றவரைப் பார்த்திருக்கிறேன். அறை வெப்பநிலைக்கான அட்டவணையைப் பாருங்கள். பெட்டியைக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

சிமென்ட் இல்லாத ஸ்டெம் எப்போது? ஏ வகைக் கேனல், தடித்த கார்ட்டெக்ஸ், நன்றாக நடமாடியவர். அவ்வளவுதான்.

## 7. நெயில்: எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதே விஷயம்

"டாக்டரே, விலை கூடின கம்பியா வெச்சா சீக்கிரம் நடப்பாவளா?" என்று மகன்மார் கேட்பார்கள். விலையைவிட ஸ்க்ரூ நுனி ஹெட்டில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது முக்கியம் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும்.

அதற்கான அளவு டிப்-ஏபெக்ஸ் தூரம். ஹெட்டின் உச்சிப் புள்ளியிலிருந்து ஸ்க்ரூ நுனி வரை முன்பின் படத்தில் ஒரு தூரம், பக்கவாட்டுப் படத்தில் ஒரு தூரம், இரண்டையும் கூட்டுங்கள். 10-ம் 11-ம் என்றால் 21. கூட்டுத்தொகை 25 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்று 1995-லேயே காட்டிவிட்டார்கள். ஸ்க்ரூவின் உண்மையான விட்டம் தெரியும் என்பதால் அதை வைத்தே படப் பெருக்கத்தைச் சரிசெய்யலாம். சி-ஆர்ம் (மேசையிலேயே எடுக்கும் எக்ஸ்ரே) படத்தைத் தியேட்டரை விட்டு வெளியே போன பிறகு அளப்பவர்கள் உண்டு. கைடு வயர் (ஸ்க்ரூவுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) நிற்கும்போதே அளந்தால் மாற்றிப் போடலாம், ஸ்க்ரூ போன பிறகு அந்த ஓட்டை ஓட்டைதான்.

இடம்: இரண்டு படத்திலும் நடு, அல்லது முன்பின் படத்தில் சற்றுக் கீழே. மேல்முன் மூலையில் எலும்பு மிகக் குறைவு, அங்கே நிறுத்தினால் ஹெட்டைக் கிழித்துக்கொண்டு வரும்.

சி வகையில் நான் ஹெலிகல் பிளேடை (ஸ்க்ரூவுக்குப் பதிலான முறுக்கிய தகடு) விரும்புகிறேன். ஸ்க்ரூவுக்குத் துளைக்கும்போது இருக்கிற கொஞ்ச எலும்பையும் ரீமர் வெளியே கொண்டுவந்துவிடும். பிளேடு அதை ஒதுக்கி இறுக்கும். ஆனால் ஸ்க்ரூ மாதிரி உச்சியை ஒட்டி நிறுத்தாதீர்கள், பிளேடு உள்நோக்கி மூட்டுக்குள் குத்திப் போகலாம். சுமார் 10 மி.மீ. இடம் விடுவேன்.

சின்ன உடம்புக்காரப் பெண்களின் நெக் ஒல்லி. இரண்டு ஸ்க்ரூ உள்ள பிஎஃப்என் அங்கே நெருக்கும். மேலதைக் கட்டையாகப் போட்டுச் சமாளித்தால், ஒன்று உள்ளே போக ஒன்று வெளியே வரும் இசட் சிக்கல் காத்திருக்கிறது. நெக் அகலத்தை முந்தின இரவே அளந்திருந்தால் ஒற்றை பிளேடு செட்டைச் சொல்லியிருக்கலாம்.

நீண்ட நெயில் போடும்போது தொடையின் முன்வளைவைப் பாருங்கள். எலும்பு நெயிலைவிட அதிகம் வளைந்திருந்தால் நுனி முட்டுக்கு மேலே முன் கார்ட்டெக்ஸில் இடிக்கும். மெல்லிய கார்ட்டெக்ஸ் அதைத் தாங்காது. பக்கவாட்டுப் படம் எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கடைசியாக ஒன்று: நெயில் முறிவை நேராக்கித் தராது. வேரஸில் (உள்நோக்கி வளைந்து) கிடப்பதை நெயில் வேரஸிலேயே பூட்டும். முதலில் இழுத்து நேராக்குங்கள், பிறகு வழி திறங்கள்.

## 8. பிளேட்: மரம் தெரிந்து ஆணி

என்னிடம் வந்த ஒரு ஆசாரியிடம் அவருடைய எக்ஸ்ரேயைக் காட்டி விளக்கியபோது, "அயினியில போடுற ஸ்க்ரூவ முருங்கையில போட்டா நிக்குமா டாக்டரே" என்றார். லாக்கிங் பிளேட்டின் தேவையை இதைவிடச் சுருக்கமாக நான் பாடத்தில் படித்ததில்லை.

சாதாரண ஸ்க்ரூ பிளேட்டை எலும்போடு அழுத்தி உராய்வில் நிற்கும். முருங்கை எலும்பில் அந்த அழுத்தமே புரி கழன்றுபோகக் காரணம். லாக்கிங் ஸ்க்ரூ பிளேட்டிலேயே பூட்டிக்கொள்வதால் ஒவ்வொன்றாகக் கழலாது. ஆனால் அது எலும்பைப் பிளேட்டை நோக்கி இழுக்காது. அதனால் வரிசை: முதலில் நேராக்கு, தேவையானால் சாதாரண ஸ்க்ரூவால் இழு, பிறகு பூட்டு. பூட்டிய துண்டில் பிறகு சாதாரண ஸ்க்ரூ போட்டு முறுக்குவது வீண், எலும்புதான் உடையும்.

புதியவர்கள் எல்லா ஓட்டையையும் நிரப்புவார்கள். நொறுங்கிய முறிவில் பிளேட்டின் நீளம் முறிவின் நீளத்தைப் போல இரண்டு, மூன்று மடங்கு இருக்கட்டும், ஓட்டைகளில் பாதிக்கும் குறைவாக ஸ்க்ரூ போதும். நீளமும் இடைவெளியும் இருந்தால் சுமை பரவும். நெருக்கிப் போட்டால் ஓரிடத்தில் குவிந்து, பிளேட் முறியும் அல்லது அதன் ஓரத்தில் எலும்பு முறியும். தண்டில் ஸ்க்ரூ இரண்டு கார்ட்டெக்ஸையும் பிடிக்கட்டும்.

இடுப்புக்கு வெளியே, தோள்பட்டைக்கு ஓர் அளவு: டெல்டாய்டு முண்டுக்கு (மேற்கை எலும்பில் தோள் தசை ஒட்டும் இடம்) சற்று மேலே, வெளிக்கோடுகள் இணையாகும் இடத்தில் வெளி அகலத்தை உள் அகலத்தால் வகுங்கள். 1.4-க்குக் கீழே என்றால் பலம் குறைவு. அப்படியானால் கால்கார் ஸ்க்ரூவை (தோள் ஹெட்டின் கீழ் உட்பக்கத்தைத் தாங்குவது) தவறவிடாதீர்கள், ரொட்டேட்டர் கஃபை (தோள் தசைநாண்கள்) தையலால் பிளேட்டோடு கட்டுங்கள். வயது கூடியவரில் ஹெட் நாலு துண்டாகக் கிடந்தால் பிளேட்டை வற்புறுத்த வேண்டாம்.

மணிக்கட்டில் முன்புற லாக்கிங் பிளேட். நுனி ஸ்க்ரூக்கள் மூட்டுப்பரப்பின் கீழே ஒட்டி நிற்க வேண்டும், பின்புறக் கார்ட்டெக்ஸைத் துளைக்க வேண்டாம். முழு ஆழத்தில் முக்கால் பங்கு நீளம் போதும். நீட்டிக்கொண்டிருந்தால் பெருவிரல் தசைநாண் அறுந்து, நோயாளி மூன்று மாதம் கழித்து வருவார்.

## 9. சப்ளையரிடம் இப்போது போன் போடுங்கள்

இவ்வளவு முடிந்த பிறகுதான் போன். திருவனந்தபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வர வேண்டிய செட் என்றால், ஒரு மழையும் மார்த்தாண்டம் நெரிசலும் போதும், காலை கேஸ் மதியமாகிவிடும். வந்த பிறகு ஆட்டோகிளேவ் நேரம் வேறு.

வாட்ஸ்ஆப்பில் "பிஎஃப்என் ஒன்று" என்று அனுப்பாதீர்கள். இப்படி அனுப்புங்கள்: வலது, கேனல் 12 மி.மீ., நெயில் 10 மற்றும் 11, நீண்டது, நல்ல காலில் அளந்த நீளமும் அதற்கு ஒரு அளவு மேலும் கீழும், ஹெலிகல் பிளேடு, மாற்றுத்திட்டத்துக்குக் கேபிள் செட். ஸ்டெம் என்றால் சிமென்ட் இரண்டு, தடுப்பான், கன், இரண்டு அளவு ஹெட்.

செட் வந்ததும் ஜிக்கையும் (ஸ்க்ரூவுக்கு வழிகாட்டும் சட்டம்) நெயிலையும் வெளியிலேயே பூட்டி, ஸ்க்ரூ ஓட்டைகள் நேர் வருகிறதா என்று டெக்னீஷியன் பார்க்கட்டும். பழைய ஜிக் ஆடும். ஸ்டீல் பிளேட்டுக்கு டைட்டேனியம் ஸ்க்ரூ என்று கலந்து வைத்திருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்வதென்றால் முன் அனுமதி கேட்கும்போதே அளவெடுத்த எக்ஸ்ரேயை இணைத்துவிடுங்கள். எந்த இம்ப்ளான்ட், ஏன் என்று பிறகு கேள்வி வந்தால் படமே பதில் சொல்லும்.

## 10. மேசையில் கை சொல்வதைக் கேளுங்கள்

படத்தில் பார்த்ததும் கையில் உணர்வதும் மாறினால் கையை நம்புங்கள். டிரில் இரண்டாவது கார்ட்டெக்ஸில் சத்தம் மாறாமலே வெளியே போய்விட்டால், நினைத்ததைவிட எலும்பு மெல்லியது. திட்டத்தை அங்கேயே மாற்றுங்கள்.

மென்மையான எலும்பில் கேன்சலஸ் ஸ்க்ரூவுக்கு டேப் (முன்கூட்டியே புரி வெட்டும் கருவி) போட வேண்டாம், ஸ்க்ரூவே தன் புரியை வெட்டிக்கொள்ளட்டும். கடைசிச் சுற்றுகளைப் பவரில் ஏற்றாதீர்கள், புரி கழன்றது தெரியாமலே போய்விடும். லாக்கிங் ஸ்க்ரூவுக்கு டார்க் லிமிட்டர் (முறுக்கு வரம்பு மீறாமல் காக்கும் கருவி) வேண்டும்: 3.5 மி.மீ.-க்கு 1.5 நியூட்டன் மீட்டர், 5 மி.மீ.-க்கு 4.

எதிர்ப்பக்கமும் உண்டு. டிரில் போகவே மறுக்கும் அடர்ந்த எலும்பு, இளம் வயது ரப்பர்த் தோட்டத் தொழிலாளிக்கும் பனையேறிக்கும் இருக்கும். அங்கே கூர் போன டிரில் பிட் எலும்பைச் சுடும், சுட்ட எலும்பு சாகும், ஸ்க்ரூ பிறகு தளரும். புதிய பிட், நிறுத்தி நிறுத்தி, சலைன் விட்டுக்கொண்டே. டேப் இங்கே கட்டாயம்.

## 11. தையல் போட்ட பிறகு

மறுநாள் உட்காரவைத்து, வாக்கரில் நிற்கவையுங்கள். "ஆறு வாரம் கால் ஊனக்கூடாது" என்று எண்பது வயதுக்காரரிடம் சொன்னால் அவரால் அதைக் கடைப்பிடிக்க முடியாது, படுத்துவிடுவார். ஊன்ற விட முடியாத அளவுக்குப் பயமாக இருந்தால், இம்ப்ளான்ட் தேர்வில் எங்கோ சறுக்கியிருக்கிறோம்.

டெக்ஸா எடுக்க வேண்டிய நேரம் இதுதான், முறியாத இடுப்பில். வைட்டமின் டி-யை முதலில் சரிசெய்யுங்கள். சிறுநீரகம் அனுமதித்தால், கிரியேட்டினின் கிளியரன்ஸ் 35-க்குக் குறையாமல் இருந்தால், இரண்டு வாரத்துக்குப் பிறகு சோலெட்ரோனிக் அமிலம் 5 மி.கி. வருடத்துக்கு ஒருமுறை. வைட்டமின் டி குறைவாக இருக்கும்போதே அதை ஏற்றினால் கால்சியம் விழும், அதனால்தான் இந்த வரிசை. டிஸ்சார்ஜ் சீட்டில் இதை எழுதாவிட்டால் யாரும் எழுதமாட்டார்கள். வலி நின்றதும் மருந்தும் நின்றுவிடும், மறு இடுப்போடு திரும்பி வருவார்.

ஆறாவது வாரப் படத்தில் டிப்-ஏபெக்ஸ் தூரத்தை மறுபடி அளந்து, அறுவை சிகிச்சை நாளின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். முன்பு 21, இப்போது 15 என்றால் ஸ்க்ரூ உச்சியை நோக்கி நகர்கிறது. ஆச்சி வலிக்கவில்லை என்று சொன்னாலும் இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொல்லுங்கள்.